கடைசியாகக் கை வைத்தவர்

“கடைசியா இதுல கை வெச்சது யாரு?”

எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என்ன கோளாறு, எத்தனை நாளாக, சத்தமே வரவில்லையா, வந்து வந்து நின்றுபோகிறதா என்பதெல்லாம் அப்புறம். டிக்கியைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்து இதைக் கேட்பார். அதட்டல் இருக்காது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்டீங்களா’ என்று கேட்கிற குரல்தான்.

பெரும்பாலும் வருகிற பதில், “யாரும் கை வெக்கலக்கா. தானா பூட்ச்சு.”

“அப்டியா” என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டுவார். இரண்டு டீ வரும். ஒன்று அவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு. காலி டம்ளரைக் கீழே வைத்ததும், அதே குரலில், அதே கேள்வி.

இரண்டாவது தடவை ஒரு பெயர் வந்துவிடும்.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயல் கூட்டுச்சாலைக்கு அருகே, ஒரு டயர் கடையின் பக்கவாட்டில் நீலத் தகரம் போட்ட கொட்டகை. அதில் அவர் தனியாக வேலை செய்தார். பெயர்ப்பலகை கிடையாது. தகரத்தின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ‘கார் செட்டு’ என்று மட்டும் இருக்கும். கார்களுக்கு சப்-வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்துவதும், பொருத்தியது மக்கர் செய்தால் சரிபார்ப்பதும் தொழில். சப்-வூஃபர் என்பது பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர். டிக்கிக்குள் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அதைப் பாட வைக்கிற பெட்டிதான் ஆம்ப்ளிஃபயர். அந்தப் பக்கத்தில் எல்லோரும் ‘ஆம்ப்’ என்பார்கள்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுக் கம்பெனியில் எட்டு வருடம் பற்றவைக்கும் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தபோது, கையில் தொழிலும் கொண்டையில் ஒரு டெஸ்டரும் மிச்சம். அந்த டெஸ்டர் எப்போதும் கொண்டையில்தான் இருக்கும். மற்றவர்கள் பூ வைக்கிற இடத்தில்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு ஒருமுறை நான் கெடுதல் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு என்று விளங்கும். தவிர, அவரைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அவரை அறிந்திருந்தேன் என்கிற பெருமை.

ஒருநாள் தேர்வாய் கண்டிகையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் காரோடு வந்தார். ஆம்ப் ஐந்து நிமிடம் பாடும், பிறகு சிவப்பு விளக்கு எரிந்து அடங்கிவிடும். ஏற்கெனவே இரண்டு கடைகளில் காட்டி, ஆம்ப்பையே மாற்றியும் ஆயிற்று. நானும் அங்கே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசியா கை வெச்சது யாரு?”

“அந்த ரெண்டு கடைய வுட்டா யாருமே இல்லக்கா. அம்மா சத்தியமா.”

டீ வந்தது. குடித்தார்கள். மறுபடி கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

“எங்க மச்சான் ஒருதபா வந்தாப்ல. ஒரு ஸ்பீக்கர் சும்மா கெடக்குதேன்னு அதையும் இதோட சேத்து…”

“மச்சான் வந்தாரா!” அவர் சிரித்துவிட்டார். “ஒரு மாட்டுல ரெண்டு வண்டி பூட்டுனா அது படுத்துக்காம இன்னா பண்ணும்? அத மொதல்லயே சொல்லிருந்தா ஒரு டீ மிச்சம்.”

“சொன்னா மச்சான் கோச்சிப்பாருக்கா.”

“மச்சான் கோச்சிக்கினா சமாதானம் பண்ணலாம். ஆம்ப் கோச்சிக்கினா புதுசுதான்.”

வண்டிக்காரர் போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். டிக்கியைத் திறந்திருந்தால் இரண்டாவது ஸ்பீக்கர் கண்ணில் பட்டிருக்குமே, எதற்காக டீ வாங்கிக் கொடுத்து, காத்திருந்து, அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும்?

“பாத்தா தெரியும் சார். ஆனா நான் சொன்னா அது என் வாயில வந்த பேச்சு. அவுரு வாயால சொன்னாருன்னா மறுபடியும் கை வெக்க மாட்டாரு. நான் கண்டுபுடிச்சு சொன்னவங்கல்லாம் ரெண்டு மாசத்துல திரும்பி வந்துகினேதான் கீறாங்க.”

இதுதான் அவர் தொழில் வழக்கம். அடுத்தவர் தவற்றை அவராகச் சொல்ல மாட்டார். கேட்பார், காத்திருப்பார், அவ்வளவுதான். தன் தவறு என்றால் மட்டும் காத்திருக்க மாட்டார்.

அதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மீஞ்சூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து இரண்டு ஸ்பீக்கர்கள் பொருத்திக்கொண்டு திருப்தியாகப் போனார். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு ப்ளஸ், மைனஸ் மாறிவிட்டால், ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பாட்டு கேட்கும், அடிச்சத்தம் மட்டும் காணாமல் போகும். அதைச் சரிபார்க்க அவரிடம் எளிய வழி இருந்தது. ஒரு பென் டார்ச் செல்லை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொடுவார். ஸ்பீக்கரின் காகிதம் வெளியே எம்பினால் சரி, உள்ளே பதுங்கினால் தப்பு. மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோதுதான், டாக்டர் வண்டியில் இரண்டாவது ஸ்பீக்கருக்குச் செல் வைத்துப் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. உடனே போன் போட்டு டாக்டரை வரச் சொல்லிவிட்டார்.

வந்ததும் செல்லை வைத்துப் பார்த்தார், காகிதம் உள்ளே பதுங்கியது. டாக்டரிடம், டயர் கடையில் நின்றிருந்த லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “டாக்டர், கடைசியா கை வெச்சது நாந்தான். மாத்திக் குடுத்துட்டேன்” என்றார்.

டயர் கடைக்காரர் ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குக்காரர். அவருக்குத் தாங்கவில்லை. “அக்கோவ், அவருக்குத் தெரியவா போவுது? பல்லு புடுங்கறவருக்கு இன்னா தெரியும்? ஊருக்கே தண்டோரா போட்டுக்கினு…”

“அவுருக்குத் தெரியாது நைனா. வண்டிக்குத் தெரியுமே.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு மீஞ்சூரிலிருந்து எத்தனையோ வண்டிகள் அவர் சொல்லி வந்தன.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் ஊர் திருவள்ளூர். பெருமாள் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம். எங்கள் தெருவில் சுவாமி புறப்பாடு வந்தால் முதலில் காதுக்கு வருவது நாதஸ்வரம் அல்ல. தவிலின் இடப்பக்கம். அந்த அடி தரை வழியாகக் கால் ஏறி வரும். நான் படித்தது மின்பொறியியல். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும், தொழிலாளர்களைத் தேர்வாய் கண்டிகைக்கு ஏற்றிச் செல்கிற ஒரு வேன் முதலாளிக்காக, மாதம் ஒருமுறை அவருடைய பதினெட்டு வேன்களின் ஒயரிங்கைப் பார்வையிட்டு வந்தேன். நெடுந்தூரம் ஓட்டும்போது தவில் கேட்பது வழக்கம். ஆனால் கார் ஸ்பீக்கரில் தவில், தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் கேட்டது.

“தவில் கேக்கணும்மா. தவில் மாதிரியே கேக்கணும்” என்று போய் நின்றேன். இத்தனை வயதானவர் டிக்கியில் சப்-வூஃபர் கேட்டு வந்து நின்றால் வேறு எந்தக் கடைக்காரரும் சிரித்திருப்பார்.

“எங்க அம்மனுக்குப் பம்பை அடிப்பாங்க சார். காதுக்கு வராது, நேரா வயித்துல வந்து குந்திக்கும். அது மாதிரிதானே?”

“அதேதான்.”

“அப்ப செய்யலாம்.”

இரண்டு நாள் ஆனது. பொருத்தியது அரை நாள், கேட்டது ஒன்றரை நாள். ஆம்ப்பின் திருகை இம்மி இம்மியாகத் திருப்புவார், கண்ணை மூடி மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார், ‘இல்லை’ என்று தலையை ஆட்டுவார், மறுபடி திருப்புவார். நான் அவசரப்பட்டு அந்தத் திருகை முழுவதும் ஏற்றச் சொன்னேன். “இது சத்தம் ஏத்துற திருகு இல்ல சார். ஆம்ப்புக்குக் காது எவ்ளோ தொறக்கணும்னு சொல்ற திருகு. ரொம்பத் தொறந்தா கண்டதும் உள்ள வரும்.” பொறியியல் கல்லூரியில் இதை எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது எங்கள் தெருப் புறப்பாடு என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வண்டியைக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். டிக்கியின் ஓரத்தில், ஆம்ப்பின் கறுப்பு ஒயர் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில், பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி போல்ட்டு போட்டிருந்தார். அதுதான் எர்த். “கடல் காத்து சார். துரு வந்தா எங்கிட்ட கொண்டாங்க. நீங்க எதுவும் பண்ணாதீங்க.” நான் தலையாட்டினேன். காதில் தவில் இருந்தது, சொன்னது ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியைச் சுத்தம் செய்தேன். போல்ட்டைச் சுற்றி கடுகளவு துரு. எனக்கு மனது பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் கம்பெனி லைனில் கற்றுக்கொண்டவர், இரும்பை இப்படி அம்மணமாக விடலாமா என்று நினைத்தேன். ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் மீதி இருந்தது. போல்ட்டைக் கழற்றி, துருவைத் தட்டி, சுரண்டிய இடம் முழுக்க, மரை வரைக்கும், இரண்டு பூச்சு கொடுத்தேன். நன்றாகக் காய வைத்து, ஒயரை அதன் மேல் வைத்து, போல்ட்டை முறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

பெயிண்ட் மின்சாரத்தை விடாது என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் எர்த் எர்த் என்று ஒரு தொழிற்சாலையையே விரட்டியவன் நான். மில்லில் துருவைக் கண்டால் ரெட் ஆக்ஸைடு அடிக்கச் சொல்லிச் சொல்லி, அன்று கை தானாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் வண்டியில் ‘குய்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது. தவில் உச்சத்துக்குப் போகும்போது ஆம்ப் அடங்கிவிடும். முதல் இரண்டு நாள் எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. மூன்றாம் நாள் தோன்றியது. சரி, ஞாயிற்றுக்கிழமை சுரண்டிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் அந்த வேன் முதலாளி, பதினெட்டு வேன்களுக்கும் மைக்கும் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் போட வேண்டும், நல்ல ஆள் சொல்லுங்கள் என்று கேட்டார். நான் தயங்காமல் புதுவாயல் அம்மாவைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அவருக்கு அது ஒரு வருடத்து வேலை. தனியாள் கொட்டகை, கடையாக மாறியிருக்கும். முதலாளி, “உங்க வண்டியிலயே போய்ப் பேசிட்டு வந்துரலாம் சார், கேட்டாப்லயும் ஆச்சு” என்று என் காரில் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அவர் முகத்தைச் சுளித்தார். “இன்னா சார் இது, கொசு மாதிரி கத்துது? இதான் நீங்க சொன்ன வேலையா?”

“போய்க் கேக்கலாம்” என்றேன். அங்கேயே சொல்லியிருக்கலாம்.

அவர் கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவிக்கொண்டே வந்தார். “வாங்க சார். இன்னா, தவுலு பாடலியா?”

நான் கோளாறைச் சொன்னேன். முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார்.

“கடைசியா இதுல கை வெச்சது யாரு?”

“நீங்கதாம்மா” என்றேன். “வேற யாரும் தொடலை.”

‘யாருமில்லை’ என்று சொல்லியிருந்தால்கூட அது எல்லோரும் சொல்கிற பொய். நான் அவரையே கை காட்டினேன். காரணம் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. அதற்கு முந்தின நாள்தான் முதலாளியின் முற்றத்தில் ஒரு டிரைவரை எல்லோர் முன்னும் நிறுத்தி, எர்த் ஒயர் தளர்ந்திருந்ததற்காக, “எர்த் தெரியாதவன் வண்டியைத் தொடக் கூடாது” என்று திட்டியிருந்தேன். அந்த முதலாளி கேட்டுக்கொண்டிருக்க, எர்த்துக்குப் பெயிண்ட் அடித்தது நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “அப்டியா” என்றார். எதிர்க்கடையைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டினார்.

டீ வந்தது. முதலாளிக்குப் போன் வந்து, அவர் டம்ளரோடு டயர் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். நானும் அந்த அம்மாவும் மட்டும் நின்றோம். டீ நல்ல சூடு. அது ஆறும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

நான் டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டார். “சார், கடைசியா யாரு…”

“அதான் சொன்னேனேம்மா.”

டிக்கியைத் திறந்தார். நேராக அந்த போல்ட்டுக்குத்தான் போனார். கழற்றினார். அடியில் சிவப்பு. கட்டை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம் உப்புத்தாளை எடுத்து, இரும்பு வெள்ளையாகும் வரை தேய்த்து, ஒயரை வைத்து முறுக்கினார். எஞ்சினைப் போட்டு மிதிக்கச் சொன்னார். ‘குய்’ இல்லை. மொத்தம் பத்து நிமிட வேலை.

முதலாளி வந்தார். “இன்னாம்மா ஆச்சு?”

“எர்த் புடிக்கல. இப்ப புடிச்சிகிச்சு.”

“நீதானே போட்ட? ஏன் புடிக்கல?”

“சாரக் கேளுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார்.

“ஒரு போல்ட்டு சரியா உக்காரலை. சின்ன விஷயம்தான்” என்றேன்.

“சின்ன விஷயமா? எர்த்து சரியில்லன்னு நேத்துதானே சார் என் டிரைவர நிக்க வெச்சுக் கேட்டீங்க? டிரைவருக்கு ஒரு நாயம், இவங்களுக்கு ஒரு நாயமா? வாணாம் சார், பேஜாரு. மெட்ராஸ்ல ஆளு கீது, அவங்களே வந்து போட்டுடுவாங்க.”

இதைக் கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அம்மா பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் வண்டியை எடுக்கும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, “போல்ட்டு மேல கிரீஸ் வெச்சு வுட்டுருக்கேன் சார். இனிமே துரு ஏறாது” என்றார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டியிருந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

“ஏன்னா, புதுவாயல் வழியாப் போனா கிட்ட ஆச்சே. எதுக்கு இப்படி சுத்திண்டு போறேள்?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டவள், பெயிண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, வேனைப் பற்றியும் கேட்கவில்லை.

“அவ வாங்கிக் கொடுத்த டீயை வேற குடிச்சேளா?” என்றாள்.

மறுநாள் காலை புதுவாயலில் போய் நின்றேன். கொட்டகையில் ஒரே ஒரு கார்தான் இருந்தது. முன்பு வரிசையில் நிற்கும்.

“வாங்க சார். இன்னா ட்ரபுளு?”

“வண்டியில ஒண்ணுமில்லம்மா. அன்னிக்கு ரெண்டு தடவை கேட்டீங்க, கடைசியா யார் கை வெச்சதுன்னு. நான்தான் வெச்சேன்.”

“தெரியும் சார்” என்றார். “ரெட் ஆக்ஸைடு. ஜன்னல் கம்பிக்கு அடிச்ச மீதியா?”

“ஆமாம்மா.”

“ரெண்டு கோட்டு. நல்லாதான் அடிச்சிருந்தீங்க.” கிண்டல் மாதிரி இல்லை. வேலை நேர்த்தியைத்தான் சொன்னார். பிறகு டெஸ்டரைக் கொண்டையில் செருகிக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? தெரியாதவங்க கிட்ட சொல்லுங்க” என்று சொல்லி, அந்த ஒற்றைக் காரின் பக்கம் திரும்பிவிட்டார்.

டீக்கு விரல் காட்டவில்லை.

அங்கிருந்து நேராக வேன் முதலாளியின் முற்றத்துக்குப் போனேன். முதல் ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்த வேன்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியைத் தனியாக அழைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தனியாகச் சொன்னால் அது பாதிதான். நின்ற இடத்திலேயே சொன்னேன். ஜன்னல் கம்பி, மீதி பெயிண்ட், இரண்டு பூச்சு, நான் சொன்ன பொய், எல்லாம்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “எர்த்து எர்த்துன்னு எங்க உசுர வாங்குனவரு நீங்க! நீங்களா பெயிண்ட் அடிச்சீங்க?”

அன்று நான் நிறுத்தி வைத்துத் திட்டிய டிரைவர் இட்லிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “எர்த்து தெரியாதவன் வண்டியத் தொடக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே சார்” என்றார்.

“நான்தான்பா சொன்னேன்” என்றேன். முற்றமே சிரித்தது.

சிரித்து ஓய்ந்த பிறகு முதலாளியின் முகம் மாறியது. “சார், பதினெட்டு வேனும் மாட்டியாச்சு. அந்த வேல போனது போனதுதான். ஆனா நான் வேற சும்மா இல்லாம, எர்த்து கூட போடத் தெரியாத பொம்பளன்னு போற எடமெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே.” டிரைவர்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கினீங்களா? அது அந்தம்மா தப்பு இல்ல. சாரு தப்பு. நான் எங்கெங்க சொன்னேனோ அங்கல்லாம் நீங்களும் போய் இத சொல்லுங்க.”

சொன்னார்கள். நான்கு மாதத்துக்குள், அந்தப் பக்கத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் யாராவது ஒருவர் என்னை ‘ரெட் ஆக்ஸைடு சார்’ என்று கூப்பிடுகிற அளவுக்குச் சொன்னார்கள். அந்தப் பெயரை நான் இன்றுவரை மறுத்ததில்லை. புதுவாயல் கொட்டகையில் மறுபடி வரிசை நின்றது. கைநழுவிய அந்த ஒரு வருடத்து வேன் வேலை மட்டும் வரவில்லை. அதை என்னால் கொடுக்க முடியவில்லை.

பிறகு கூட்டுச்சாலையில் பாலம் கட்ட அந்த வரிசைக் கடைகளை எடுத்தார்கள். அவர் எல்லை தாண்டித் தடா பக்கம் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே தெலுங்கில் எப்படிக் கேட்கிறாரோ தெரியாது. கேட்காமல் இருக்க மாட்டார்.

அவர் அங்கிருந்து போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வண்டியைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை உண்மையிலேயே கோளாறு. லேசாக அந்தக் ‘குய்’. எதிரில் போய் நின்றதும், அவர் கேட்பதற்கு முன்பே, “யாரும் கை வைக்கலம்மா, நிஜமாவே” என்றேன். டயர் கடைக்காரர் அங்கே சிரித்தார்.

அவர் டிக்கியைத் திறந்து பார்த்தார். “உப்பு ஏறிகீது சார். கிரீஸு காஞ்சு போச்சு.” அலமாரியிலிருந்து உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவர் அதை என் பக்கம் நீட்டினார்.

“நீங்களே தேய்ங்க.”

“நானா? அன்னிக்கு நான்…”

“அதான் சார். இனிமே நீங்க கை வெக்கலாம்.”

போல்ட்டைக் கழற்றினேன். குனிந்து தேய்த்தேன். முதுகு வலித்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டு தடவை நிறுத்தினேன், இரண்டு தடவையும் “இன்னும்” என்றார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. ஒயரை வைத்து முறுக்கினேன், கிரீஸ் வைத்தேன். எஞ்சினைப் போட்டு மிதித்தார். தவில் வந்தது. மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். ‘இல்லை’ என்று தலையை ஆட்டவில்லை.

கண்ணைத் திறந்ததும் டயர் கடைப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற லாரிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“நைனா, இதுல கடைசியா கை வெச்சது சாருதான். நல்லா புடிச்சிகீது.”

பிறகு எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினார்.